மீட்டர் சரி என்றது, காது ஒப்பவில்லை

பினாங்கில் கல்யாண மண்டபங்களிலும் திருவிழா மேடைகளிலும் வாசிக்கும் ஒரு தம்பியின் கிட்டார் இது. லெஸ் பால் வடிவம், இந்தோனேசியத் தயாரிப்பு. இரண்டு ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் இரட்டைக் காயில்), இரண்டு வால்யூம், இரண்டு டோன், மூன்று நிலை சுவிட்ச். கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப், கம்பிகள் முடியும் பக்கம் இருப்பது பிரிட்ஜ் பிக்கப். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பின் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் தன் வீட்டிலேயே அதைக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிமார்சியோ நிறுவனத்து ஹம்பக்கர் ஒன்றை மாட்டினார். ஆம்பில் செருகிப் பார்த்தால் பாட்டு மெலிந்துவிட்டது, இரைச்சல் தடித்துவிட்டது.

"அண்ணே, டெலிபோன்ல கேக்கற மாதிரி இருக்கு. மீட்டர் வச்சுப் பார்த்தேன், 8.2 கிலோ ஓம் காட்டுது. அப்ப பிக்கப் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டபடிதான் ஜெலுத்தோங்கில் என் வீட்டுக்குக் கிட்டாரைக் கொண்டுவந்தார்.

எனக்குப் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் டெஸ்ட் பிரிவில் வேலை. ஓய்வு நேரத்தில் கிட்டார் பழுது பார்ப்பேன். இந்த ஒரு கிட்டாரைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், இதில் மூன்று கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. மேலே இருந்தது கீழே இருந்ததை மறைத்தது. ஒன்றைச் சரிசெய்ததும் "முடிந்தது" என்று மூடியிருந்தால் தம்பி மறுபடியும் பாலம் தாண்டி வந்திருப்பார்.

அவர் வருமுன்பே என்னென்ன செய்து பார்த்தார் என்று கேட்டுக்கொண்டேன். கேபிளை மாற்றியிருக்கிறார். நண்பரின் ஆம்பில் போட்டுப் பார்த்திருக்கிறார். சுவிட்சைச் சுத்தம் செய்திருக்கிறார். குழுவில் எல்லாரும் "எர்த் பிரச்சினை" என்றிருக்கிறார்கள். அதில் ஒருவர், ஆம்ப் பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிட்டால் ஹம் (அடியில் உருளும் இரைச்சல்) போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, தம்பி அதைச் செய்யவில்லை. கிட்டாரின் கம்பிகள் எல்லாம் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. அந்த எர்த்தை எடுத்துவிட்ட ஆம்பில் உள்ளே ஒரு கசிவு வந்தால், 240 வோல்ட் வருகிற இடம் வாசிப்பவரின் விரல்தான். மைக்கைத் தொட்டபடி பாடுகிறவராக இருந்தால் இன்னும் மோசம். ஹம் தொல்லைக்காக எர்த்தைத் துண்டிக்கச் சொல்கிற யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

8.2 எதைச் சொல்கிறது

முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம். ஒரு ஹம்பக்கரில் இரண்டு காயில்கள். பழைய பாணிப் பிக்கப்பில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 5,000 சுற்று, 42 கேஜ் செம்பு வயர், தடிமன் 0.06 மில்லிமீட்டர் சுமார், தலைமுடி அளவுதான். இரண்டு காயிலும் வரிசையாக இணைந்தால் 7 முதல் 9 கிலோ ஓம் வருவது சாதாரணம். அதிக அவுட்புட் கொடுப்பவை 13, 15 கூடப் போகும்.

ஜேக்கில் கேபிளைச் செருகி, மறுமுனையில் நுனிக்கும் உறைக்கும் மீட்டரை வைத்தபோது 8.07 வந்தது. பிக்கப்போடு 500 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் பக்க இணைப்பில் இருப்பதால் கொஞ்சம் குறையும், கணக்குக்குச் சரி. பெட்டியில் 7.8 என்று போட்டிருந்ததாகவும், 8.2 வருவதால் போலியோ என்றும் தம்பிக்கு ஒரு சந்தேகம். அதுவும் வேண்டாம். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.4 விழுக்காடு அளவில் ஏறும். 20 டிகிரியில் 7.8 காட்டும் காயில், நம் ஊர் மத்தியானம் 32 டிகிரியில் 8.2 காட்டத்தான் செய்யும்.

சரி, வயர் எங்கும் அறுபடவில்லை. இரண்டு காயிலும் உயிரோடு இருக்கின்றன. ஒன்றே ஒன்று மட்டும் வழியில் இருந்திருந்தால் பாதிதான் காட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டு காயிலையும் மெதுவாகத் தட்டினேன். ஆம்பில் இரண்டிலும் ஒரே அளவு 'டொக்'. இதுவரைக்கும் பிக்கப்பில் குறையே இல்லை.

ஆனால் ஓம் அளவு ஒரு காயிலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனாலும், அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வந்தாலும் ஒன்றுதான். காயில் எந்தத் திசையில் இணைந்திருக்கிறது என்பது அந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை. ஹம்பக்கர் என்கிற பொருளோ முழுக்க முழுக்கத் திசையை நம்பி நிற்பது.

கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் வேலை செய்த செத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அவர் செய்தது இதுதான்: இரண்டு காயில், ஒன்றில் காந்தத்தின் வடமுனை மேலே, மற்றதில் தென்முனை மேலே. காயில்களின் மின்திசையும் எதிரெதிர். கம்பி அதிரும்போது காந்தமும் எதிர், சுற்றும் எதிர் என்பதால் இரண்டு சிக்னலும் ஒரே பக்கம் வந்து கூடும். சுவர் வயரிலிருந்தும் டிரான்ஸ்பார்மரிலிருந்தும் வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்கு நம் காந்தத்தோடு சம்பந்தமில்லை. அதற்குச் சுற்று மட்டும்தான் எதிர், ஆகவே இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். பாட்டு கூடும், ஹம் கழியும்.

இதில் ஒரு காயிலை மட்டும் தலைகீழாக இணைத்தால் என்ன ஆகும்? பாட்டு கழியும், ஹம் கூடும். தம்பி சொன்ன குறையே அதுதான். கேட்டவுடன் எனக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் சந்தேகத்தை நம்பி ஈயத்தை உருக்கக் கூடாது. குழுவில் எல்லாரும் சொன்ன எர்த் விஷயத்தை முதலில் முடித்தாக வேண்டும்.

இரண்டு வகை இரைச்சல்

கிட்டாரில் வரும் இரைச்சலை எல்லாரும் ஒரே பெயரில் அழைத்துவிடுகிறார்கள். காதைக் கொடுத்துக் கேட்டால் இரண்டு வகை. ஒன்று 'ஜ்ர்ர்ர்' என்று கூர்மையாகக் கரகரக்கும்; டிம்மர் விளக்கு, மலிவான எல்இடி அடாப்டர், ஃபேன் ரெகுலேட்டர் பக்கம் போனால் ஏறும். இது மின்புலத்தால் வருவது. நம் உடம்பே இதற்கு ஆண்டெனா ஆகும். கம்பியைத் தொட்டதும் உடம்பு எர்த்தோடு சேர்வதால் குறைந்துவிடும். இன்னொன்று 'ம்ம்ம்ம்' என்று அடியில் உருளும். 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். இது காந்தப்புலத்தால் வருவது. கம்பியைத் தொட்டாலும் விட்டாலும் மாறாது. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரோடு மெல்லச் சுற்றினால் ஒரு திசையில் பெருகி, இன்னொரு திசையில் கிட்டத்தட்ட மறையும்.

தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டையும் செய்யச் சொன்னேன். கம்பியைத் தொட்டார், கரகரப்பு குறையவில்லை. ஜேக்கில் செருகிய பிளக்கின் உலோகத்தைத் தொட்டார், உடனே குறைந்தது. அப்படியென்றால் ஜேக் வரை எர்த் இருக்கிறது, அங்கிருந்து கம்பிக்குப் போகவில்லை. பிறகு ஆம்பைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, சமையலறையைப் பார்த்து என்று திரும்பினார். ஆம்பை நோக்கி இருக்கும்போது 'ம்ம்ம்' பெருகியது, ஜன்னல் பக்கம் அடங்கியது. நெக் பிக்கப்புக்கு மாற்றியதும் அந்த 'ம்ம்ம்' எந்தத் திசையிலும் இல்லை. கரகரப்பு மட்டும் அப்படியே.

அதாவது கரகரப்பு இரண்டு பிக்கப்புக்கும் பொது. உருளும் ஹம் பிரிட்ஜுக்கு மட்டும் சொந்தம். இரண்டு இரைச்சலுக்கும் இரண்டு காரணம்.

பின்மூடியைத் திறந்தேன். கம்பிகளைத் தாங்கும் டெயில்பீஸின் ஸ்டட்டிலிருந்து மரத்துக்குள் துளை வழியாக ஒரு வயர் வந்து வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருப்பதுபோலத்தான் தெரிந்தது. கம்பிக்கும் ஜேக்கின் உறைக்கும் மீட்டரை வைத்தால், இணைப்பு இருந்தால் வரும் 'பீப்' இல்லை. வயரை இடுக்கியால் லேசாகத் தூக்கினேன், ஈயக் குமிழியோடு கையில் வந்துவிட்டது. குமிழியின் அடிப்பாகம் மங்கலாக, வழவழவென்று இருந்தது. உலோகத்தைப் பிடிக்கவே இல்லை, சும்மா மேலே உட்கார்ந்திருந்தது.

வீட்டில் செய்யும் வேலைகளில் இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கன்ட்ரோலின் முதுகு ஒரு பெரிய உலோகத் தட்டு, சூட்டை உறிஞ்சிவிடும். சின்ன நுனி வைத்த சோல்டரிங் அயர்னால் ஈயம் உருகும், தட்டு சூடேறாது. முதலில் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) வைத்து, அகலமான நுனியை 380 டிகிரியில் வைத்து, தட்டின் மேலேயே ஈயத்தைக் கொடுக்க வேண்டும், நுனியின் மேல் அல்ல. ஈயம் தானாகப் பரவி விளிம்பு மெல்லியதாகப் படர்ந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மூன்று நான்கு விநாடிக்குள் முடியாவிட்டால் எடுத்துவிட்டு ஆறவிட்டுத் திரும்ப வைப்பது நல்லது. பிடிவாதமாக அழுத்திக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் கார்பன் பாதை கெட்டுவிடும்.

திரும்ப ஒட்டியதும் கம்பிக்கும் ஜேக்குக்கும் 'பீப்' வந்தது. கம்பியைத் தொட்டதும் கரகரப்பு அடங்கியது. தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. "பிரிட்ஜுக்கு மாத்துங்க" என்றேன். மாற்றினார். அதே டெலிபோன், அதே 'ம்ம்ம்'. குழுவில் சொன்னவர்கள் பாதி சரி. பாதியில் நின்றுவிட்டார்கள்.

ஒரு காயிலை அணைத்தால்

அடுத்தது ஒரு முதலைக் கிளிப் வயர் மட்டும் தேவைப்பட்ட சோதனை. இந்தக் கிட்டாரைத் திறந்து காட்டியது அதுதான்.

புதிய பிக்கப்பிலிருந்து வந்தவை சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை, அதோடு உறையில்லாத ஒரு வெறும் வயர். தம்பி கறுப்பை சிக்னலுக்கும், பச்சையையும் வெறும் வயரையும் எர்த்துக்கும் கொடுத்து, சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றியிருந்தார். அந்தச் சேர்ந்த முடிச்சுதான் இரண்டு காயிலும் சந்திக்கும் இடம். அதை எர்த்தோடு தொடவைத்தால் பச்சைப் பக்கத்துக் காயில் அணைந்துபோகும், ஒரே ஒரு காயில் மிஞ்சும்.

டேப்பை அவிழ்த்துக் கிளிப்பின் ஒரு முனையை முடிச்சில் கவ்வவைத்தேன். தம்பியை அடிக் கம்பியில் ஒரே ஒரு சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னேன். ஒல்லியாக, மூக்கால் பேசுவதுபோல வந்துகொண்டிருந்தது. கிளிப்பின் மறுமுனையைக் கன்ட்ரோலின் முதுகில் தொட்டேன். சத்தம் குபுக்கென்று பருத்து வந்தது. ஹம் பாதியாகக் குறைந்தது. எடுத்தால் மறுபடி ஒல்லி, மறுபடி ஹம். தொட்டால் கனம்.

இரண்டு காயில் வாசித்ததைவிட ஒரே காயில் வாசித்தது பெரிதாகக் கேட்கிறது. ஒழுங்காக இணைந்த ஹம்பக்கரில் இது நடக்கவே நடக்காது. ஒரு காயிலை அணைத்தால் சத்தம் குறையும், ஹம் புதிதாக வரும். இங்கே இரண்டும் நேர்மாறு. காயில்கள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எந்த விலையுள்ள கருவியும் தேவையில்லை, காது போதும். தம்பி கிளிப்பை என் கையிலிருந்து வாங்கித் தானே தொட்டும் எடுத்தும் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அது ஆச்சரியம்தான்.

சரி, ஏன் இப்படி இணைந்தது? எந்தப் படத்தைப் பார்த்து இணைத்தீர்கள் என்று கேட்டேன். ஃபோனில் சேமித்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். சுத்தமான, தெளிவான படம். ஆனால் சீமோர் டங்கன் என்ற வேறு நிறுவனத்துப் பிக்கப்புக்கு உரியது.

நான்கு வயர் ஹம்பக்கர்களுக்குப் பொதுவான நிற விதி கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென ஒன்று வைத்திருக்கிறார்கள். சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், வெள்ளையும் சிவப்பும் சேரும், பச்சையும் வெறும் வயரும் எர்த். டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சையும் வெறும் வயரும் எர்த். ஐந்து வயரும் இரண்டிலும் ஒரே நிறம். பச்சையின் இடமும் ஒன்றே. அதனால் பார்த்தவுடன் சந்தேகமே வராது. டங்கன் படத்தை வைத்து டிமார்சியோவை இணைத்தால் என்ன ஆகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்: கறுப்பில் நுழைந்து முதல் காயிலைப் பின்னாலிருந்து முன்னால் கடந்து சிவப்பில் வெளியே வருகிறோம், அங்கிருந்து வெள்ளைக்குப் போய் இரண்டாம் காயிலைச் சரியான திசையில் கடந்து பச்சையில் இறங்குகிறோம். இரண்டு காயிலும் வழியில் இருக்கின்றன, ஓம் அளவும் முழுசாக வருகிறது. முதல் காயில் மட்டும் தலைகீழ்.

நிறத்தை நம்பாமல் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. வயர்களை எல்லாம் பிரித்துவிட்டு, எந்த இரண்டுக்கு நடுவில் 4 கிலோ ஓம் வருகிறதோ அவை ஒரு காயில். இந்தப் பிக்கப்பில் சிவப்பு-கறுப்பு ஒரு ஜோடி, பச்சை-வெள்ளை ஒரு ஜோடி. பிறகு முள் மீட்டரை மிகக் குறைந்த டிசி அளவில் வைத்து, ஒரு ஜோடியில் இணைத்து, இரும்பு ஸ்க்ரூடிரைவரை அந்தக் காயிலின் காந்தமுனைகள் மேல் படுக்கவைத்துச் சட்டென்று தூக்கினால் முள் ஒரு பக்கம் துள்ளும். அடுத்த காயிலிலும் அதே பக்கம் துள்ளும்படி மீட்டர் முனைகளை வைத்தால், பிளஸ் பட்ட இரண்டு வயரும் ஒத்த முனைகள். ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸோடு சேர்த்தால் முடிந்தது. பெட்டியும் தாளும் இல்லாமல் செகண்ட் ஹேண்டில் வாங்கும் பிக்கப்புக்கு இதைச் செய்யாமல் நான் ஈயம் வைப்பதில்லை.

சிவப்பை சிக்னலுக்கு மாற்றி, கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து ஒட்டி மேலே சுருங்கும் குழாய் போட்டேன். டேப் வேண்டாம், நம் ஊர்ச் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். ஆம்பைப் போட்டதும் பிரிட்ஜ் பிக்கப் வாயைத் திறந்து பாடியது. ஆம்பை நோக்கித் திரும்பினாலும் ஹம் இல்லை.

நடு நிலையில் ஓட்டை

தம்பி பையை எடுக்கப் போனார். சுவிட்சை நடுவில் வைத்து வாசிக்கச் சொன்னேன். இரண்டு பிக்கப்பும் சேரும் நிலை. தனித்தனியே கனமாக இருந்தவை சேர்ந்ததும் குழிவிழுந்து, கனமே இல்லாமல் வந்தன. ஆனால் ஹம் துளியும் இல்லை.

இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். சத்தமும் மெலிந்து ஹம்மும் ஏறினால் ஒரு ஹம்பக்கருக்குள்ளேயே காயில்கள் முட்டிக்கொள்கின்றன. சத்தம் மட்டும் மெலிந்து, அதுவும் இரண்டு பிக்கப்பும் சேரும்போது மட்டும் என்றால், உள்ளே எல்லாம் சரி. ஒரு பிக்கப்புக்கும் அடுத்த பிக்கப்புக்கும்தான் திசை எதிர். உறுதி செய்ய ஒரு வால்யூமை 10-லிருந்து 7-க்குக் குறைத்தேன். குறைக்கக் குறைக்கச் சத்தம் நிறைந்து வந்தது. ஒன்றை அடக்கினால் மற்றது தப்பிக்கிறது.

முந்தைய கோளாறு இருந்தவரை இது வெளியே தெரிய வழியே இல்லை. பிரிட்ஜ் பிக்கப்பின் கனத்த பகுதி தனக்குள்ளேயே அழிந்துபோனதால், நெக்கோடு மோத அதனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பிக்கப்பை இன்னொன்றின் பக்கத்தில் வைக்கும்போது இப்படி நேர்வது சாதாரணம். யாருடைய குறையும் இல்லை.

எதைத் திருப்புவது? நெக்கில் இருப்பது ஃபேக்டரியிலிருந்து வந்த பிக்கப். ஒரே சிக்னல் வயர், அதைச் சுற்றிப் பின்னிய உலோகச் சல்லடைதான் எர்த். அதைத் திருப்பினால் சல்லடையும் உலோக மூடியும் சிக்னலாகிவிடும், தொட்டாலே இரையும். பிரிட்ஜில் நான்கு வயரும் தனித்தனி என்பதால் சுலபம். பச்சையை சிக்னலுக்கும் சிவப்பை எர்த்துக்கும் மாற்றினேன். கறுப்பு-வெள்ளை முடிச்சைத் தொடவில்லை. வெறும் வயர் எப்போதும் எர்த்தில்தான். அதைச் சிவப்போடு வைத்தேன். பச்சையோடு சேர்ந்தே பழகியவர்கள் இங்கே அதையும் கூடவே சிக்னலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அப்போது பிக்கப்பே ஊமையாகிவிடும் அல்லது உறை முழுக்க இரையும். நடு நிலையில் வாசித்தார். நிறைந்து வந்தது.

தாமிர டேப் ஒட்டி உட்குழியை முழுக்க மூடிவிடலாமா என்று கேட்டார். இந்தக் கிட்டாருக்கு இப்போது தேவையில்லை என்றேன். தாமிரம் கரகரப்பைத்தான் தடுக்கும், 50 ஹெர்ட்ஸ் காந்த ஹம்மை அது நிறுத்தாது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பக்கம் ஏதாவது பந்தலில், டிம்மர் விளக்குக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் நின்று வாசிக்கும்போது கரகரப்பு தாங்கவில்லை என்றால் அப்போது ஒட்டலாம்.

அவர் நான்கு வயர் பிக்கப் வாங்கியதே, குமிழை இழுத்தால் ஒரு காயில் மட்டும் ஒலிக்கும்படி பின்னால் ஒரு நாள் புஷ்-புல் கன்ட்ரோல் போடத்தான். அதற்கு கறுப்பு-வெள்ளை முடிச்சை எர்த்துக்கு இறக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் இடம் மாறிவிட்டதால், படத்தில் போட்டிருக்கும் காயிலுக்குப் பதிலாகப் பச்சைப் பக்கத்துக் காயில்தான் மிஞ்சும். இதை ஒரு தாளில் வரைந்து, எந்த நிறம் எங்கே என்று எழுதிப் பின்மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கன்ட்ரோல் இன்னும் வாங்கவில்லை; முடிச்சிலிருந்து ஒரு வயரை நீளமாக விட்டு, நுனியை மூடி வைத்திருக்கிறேன்.